மாப்பிள்ளையின் ஆல்பம்

முதல் பாட்டு முடிந்ததும் நல்லகாமன் மகளிடம் கேட்டார், "ஏத்தா, இவன் கஞ்சா கிஞ்சா போடுவானா?"

"தெரியலப்பா. அடுத்த பாட்டைக் கேளுங்க" என்றாள் சரண்யாதேவி.

சமணர் மலை அடிவாரத்தில், ஆலமரத்து நிழலில் கார் நின்றது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் வைத்து இதைப் போட்டால் அவர் மனைவி சுந்தரம்மாள் சாமியாடிவிடுவாள் என்றுதான் கீழக்குயில்குடிவரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

பையன் பேர் முத்துப்பாண்டி. கோச்சடைக்காரன், பேங்க் வேலை. தரகர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. குறையே இல்லை என்று சொன்னால்தான் நல்லகாமனுக்குச் சந்தேகம் வரும். சிம்மக்கல்லில் இரும்புக் கடை வைத்திருப்பவர். ஒரு பழைய தகடு வாங்குவதென்றாலும் நாலு தட்டுத் தட்டிப் பார்ப்பார்.

தட்டிப் பார்த்தார். பையன் கூட்டாளிகளோடு சேர்ந்து ராக் பேண்ட் வைத்திருக்கிறான் என்று தெரிந்தது. முதல் ஆல்பம் இப்போதுதான் வந்திருக்கிறதாம். பேண்டுக்குப் பேர் 'எருக்கு'.

வீட்டு வாசலில் எருக்கு முளைத்தாலே பிடுங்கி எறிவார்கள். இவன் அதையே பேராக வைத்திருக்கிறான்.

அதைவிட உறுத்தியது இன்னொன்று. வந்த வரனையெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக்கழித்த மகள், இந்தப் பையனின் போட்டோவைப் பார்த்ததும் சரி என்றுவிட்டாள். அவள் ஒரு வருஷமாகப் போய்வருகிற போட்டித் தேர்வு வகுப்பும் கோச்சடையில்தான் இருக்கிறது.

அதனால்தான் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பாட்டைக் கேட்கிற சாக்கில் மகளின் முகத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது பாட்டில் டிரம்ஸ், லாரியிலிருந்து கம்பிக் கட்டை உருட்டித் தள்ளுவதுபோல் விழுந்தது. கிட்டார் இரும்பை அறுத்தது. இந்த இரண்டுக்கும் நடுவே, தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல்.

"மெல்லப் பேசு! மெல்லப் பேசு!"

மெல்லப் பேசு என்பதை எவனாவது இப்படி அலறுவானா? நல்லகாமன் தலையில் அடித்துக்கொண்டார். தரகரைக் கூப்பிட்டு, சரிப்பட்டு வராது என்று சொல்லிவிட வேண்டியதுதான். போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

ஆனால் கூப்பிடவில்லை.

மூன்றாவது பாட்டில் அந்தக் குரல் ஓரிடத்தில் உடைந்தது. அடிபட்ட மாடு மூச்சு வாங்குவதுபோல் வாங்கி, மறுபடியும் எழுந்தது. நல்லகாமன் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். வார்த்தை பாதி புரியவில்லை. ஆனாலும் அவருக்கு இதில் பொய் இல்லை என்று பட்டது. தட்டினால் கணீரென்று பேசுகிற இரும்பு இது.

பாட்டு நின்றபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"பாவம்த்தா இவன். சின்னப் பிள்ளையில வாயத் தொறக்கவிடாம அடச்சுப் போட்டிருக்காய்ங்க. இல்லாட்டி இம்புட்டு ஆங்காரம் எங்கிட்டிருந்து வரும்? இவன விடு. ஆத்தா அப்பன் எப்பேர்ப்பட்டவய்ங்கன்னுதான் மொதல்ல விசாரிக்கணும்."

சரண்யாதேவி இப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அவரு கிட்டார் மட்டும்தான்ப்பா வாசிக்கிறாரு."

"அப்பக் கத்துறது யாரு?"

நாலாவது பாட்டு தொடங்கியது. டிரம்ஸ் விழுந்தது, கிட்டார் சேர்ந்துகொண்டது. சரண்யாதேவி முதுகை நிமிர்த்தினாள். அடிவயிறு உள்ளே போக மூச்சை இழுத்தாள். வாயைத் திறந்தாள்.

ஸ்பீக்கரில் இருந்த குரல், பக்கத்து சீட்டிலிருந்தும் வந்தது.

கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. வீட்டில் ஒருநாளும் உரக்கச் சிரித்துக்கூட அவர் கேட்டறியாத பிள்ளை.

எதிரே குளத்துப் படியில் ஒரு குடும்பம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. நல்லகாமனின் கை தானாகப் போய், கார்க் கண்ணாடி முழுசாக ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தது.

சரண்யாதேவி அதையும் பார்த்தாள்.

பாடுவதை நிறுத்தவில்லை.