அப்பாவுக்கு நாலு மார்க்

"இந்த வாரமும் எங்கப்பாவுக்கு நாலு மார்க்தான்டி."

மாடிப்படியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தோழியிடம் சொல்லிக்கொண்டு போனது, பின்னால் இறங்கி வந்த ஓவிய ஆசிரியையின் காதில் விழுந்தது.

சந்தேகம் தீர்ந்தது. எரிச்சல் தீரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் 'ஸ்கேல்' என்று பெயர். காரணம், அவளுடைய ஸ்கெட்ச் நோட்டு.

வீட்டில் வரைந்துவர வாரம் ஒரு பயிற்சி கொடுப்பது ஆசிரியையின் வழக்கம். காகிதத்தைப் பார்க்காமல் செருப்பை வரை. நாற்காலியை விட்டுவிட்டு, அதன் கால்களுக்கு நடுவே தெரியும் இடைவெளியை மட்டும் வரை. ஒரு தாளைக் கசக்கிப் போட்டு, அதை வரை. ஸ்கேல் கூடாது, ரப்பர் கூடாது, கோணினால் பரவாயில்லை என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருந்தாள்.

இவள் நோட்டில் செருப்பு, மேலே மாடி எடுக்கலாம் போல நேராக இருந்தது. நாற்காலிக்கு முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம். கசக்கிய காகிதத்துக்குக்கூட அம்புக்குறி போட்டு நீளம் அகலம் எழுதியிருந்தது.

அப்பா கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர்.

ஆசிரியை அவரைக் கூப்பிட்டனுப்பினாள். கக்கத்தில் சுருட்டிய வரைபடத்தோடு வந்தவர், உட்கார்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். அந்த நாற்காலிக்கு எப்படி நாலு மார்க் போடலாம்? ஒரு கோடு பிசகியிருக்கிறதா? இத்தனை வருஷத் தொழிலில் அவர் கோட்டை ஒருத்தர் குறை சொன்னதுண்டா?

"அப்ப வரைஞ்சது நீங்கதானா சார்?"

"பின்னே? அவ வரைஞ்சா கோழி கிளறின மாதிரி இருக்கு. அதை எப்படி மிஸ் அனுப்பறது?"

மறைக்கக்கூடத் தோன்றவில்லை மனிதருக்கு. ஆசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூச்ச சுபாவம், குரல்தான் ஏறவில்லை. கோழி கிளறினாலும் அது பிள்ளையின் கோடு, தயவுசெய்து பென்சிலைத் தொடாதீர்கள் என்றாள். 'பிள்ளையே வரையட்டும்' என்று நோட்டில் எழுதி எழுதி அவள் சிவப்புப் பேனா தீர்ந்திருந்தது.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலை முடிந்து வந்து சாப்பிட்டதும் மறுபடி வரைபட மேஜை, அதற்கு நடுவே இந்த நோட்டு வேறு என்று அலுத்துக்கொண்டார். பிறகு, வந்த விஷயத்துக்கு வந்தார். இவளுக்கு இது வராது. இதே நேரத்தில் நடக்கிற கம்ப்யூட்டர் வகுப்புக்கு மாற்றிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

பக்கத்தில் நின்ற பெண் தரையைப் பார்த்தாள்.

வராதாம். ஆசிரியை மேஜை இழுப்பறையைத் திறந்தாள். திங்கட்கிழமை வகுப்பில் இந்தப் பெண் வரைந்த படம் அதில் இருந்தது. ஜன்னல் வழியே தெரிந்த வாட்ச்மேன், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். பார்த்தால் குறட்டை கேட்கும். வகுப்பில் இவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தத் தாளை எடுத்து இவர் முன்னால் போட்டால் போதும், வாயடைத்துப் போவார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. எழுந்து வராந்தாவுக்குப் போனார்.

"காட்டிடாதீங்க மிஸ்."

பெண்ணின் கை இழுப்பறை மேல் இருந்தது.

"ஏம்மா? பார்த்தா உங்கப்பா சந்தோஷப்படுவாரு. கம்ப்யூட்டர் பேச்சையே எடுக்கமாட்டாரு."

"சந்தோஷப்படுவாரு. அப்புறம் பக்கத்துல வந்து உட்கார மாட்டாரு."

ஆசிரியைக்குப் புரியவில்லை. பெண் வாசலைப் பார்த்துக்கொண்டே அவசர அவசரமாகச் சொன்னாள். அண்ணன் நன்றாகப் படிக்கிறான். அவனைப் பற்றிக் கவலையில்லை என்று அப்பா அவன் பக்கமே போவதில்லை. இவள் படம் கோணலாக இருந்தால்தான், 'கொண்டா இப்படி' என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். திட்டுவார். திட்டிக்கொண்டே பென்சில் சீவுவார். ஒரு நாள், சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுவர் ஏறிக் குதித்துக் கால்சட்டை கிழிந்த கதையைச் சொன்னார். அது அம்மாவுக்கே தெரியாத கதை.

"வீட்டுல நான் இடது கையாலதான் வரைவேன் மிஸ்."

ஆசிரியையும் வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு, கம்ப்யூட்டர் வகுப்புக்கு மாற்றிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டாள்.  பெண்ணுக்குக் கண் நிறைந்தது.

அவர் திரும்பி வந்தார். "என்ன மிஸ், மாத்திடலாமா? எனக்கும் தலைவலி விட்டுது."

ஆசிரியை இழுப்பறையை முழங்காலால் தள்ளி மூடினாள். மாற்றுவதென்றால் மாற்றலாம், ஆனால் ஒரு பயிற்சி பாக்கி இருக்கிறது, அது முடிந்த பிறகு பார்க்கலாம் என்றாள். நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி எழுதினாள்.

'அப்பாவின் முகம். தினமும் அரை மணி நேரம். அப்பா எதிரில் உட்கார வேண்டும். ஒரு வாரம்.'

அவர் எட்டிப் பார்த்தார். "என் மூஞ்சியை நானே எப்படி மிஸ் வரையறது?"

"நீங்க வரைய வேண்டாம் சார். உட்கார்ந்தா போதும்."

"சும்மாவா?"

"சும்மா எதுக்கு? பேசிக்கிட்டே உட்காரலாம்."

அவர் மகளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். இவள் கைக்கு ஒரு வாரத்தில் முகம் வந்துவிடுமா என்று சலிப்போடு கேட்டார்.

ஆசிரியை 'ஒரு வாரம்' என்பதை அடித்துவிட்டு, 'சரியாக வரும்வரை' என்று எழுதினாள்.