பழவங்காடிச் சில்லு

ஆபரேஷன் மேஜைமேல் காலை வெயில் விழுகிறது. நாலு வயது நாகேஸ்வரனுக்குப் பிறவியிலேயே தாடை சிறுத்து உள்வாங்கியிருக்கிறது. குளோரோபாரத்தில் மயங்கும்போது நாக்கு சரிந்து மூச்சை அடைத்துவிடக் கூடாதே என்று, நர்ஸ் செல்லபாய் தலைமாட்டில் நின்று தாடையை முன்னால் தள்ளிப் பிடித்திருக்கிறாள். வியர்வையில் பிடி வழுக்குகிறது. மூக்கின்மேல் இருக்கும் துணி ஏறி இறங்குவது திடீரென்று நிற்கிறது. "துணிய எடு! தாடைய இன்னும் தூக்கு சிஸ்டர்!" என்கிறார் டாக்டர் ஐயப்பன். "தூக்கித்தான் பிடிச்சிருக்கேன் சார்." பிள்ளையின் உதடு நாவற்பழமாகக் கறுக்கிறது, மார்பு வீணாக இழுக்கிறது. வெளியே அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்த வளையல் சத்தம் கதவில் வந்து மோதுகிறது. "சிஸ்டர், அவன் வாயிலே பாருங்கோ!" பிள்ளையின் அம்மா சூடாமணி. "ஒண்ணும் குடுக்கப்பிடாதுன்னு சொன்னோம்லா அம்மா?" என்கிறாள் செல்லபாய். "ஆகாரம் குடுக்கலையே! இவனுக்காகப் பழவங்காடிப் பிள்ளையார் கோவில்லே தேங்காய் எறிஞ்சோம். தெறிச்ச சில்லைப் பொறுக்கிக் கன்னத்துலே அடக்கிண்டான். பிள்ளையார் பிரசாதத்தைத் துப்புடான்னு எப்படிச் சொல்றது?"

செல்லபாய் பிள்ளையை ஒருக்களித்துப் புரட்டி, இடுங்கிய வாய்க்குள் சுண்டுவிரலை விடுகிறாள். தொண்டை வாசலில் கடினமாக ஒன்று தட்டுப்படுகிறது, நழுவுகிறது, மறுபடி தட்டுப்படுகிறது. விரலை வளைத்து இழுக்கிறாள். ஒரு கமறல், ஒரு நீண்ட இழுப்பு, பிறகு மெல்லிய அழுகை. "அழறானா?" என்கிறது கதவு. "அழுகுறான் அம்மா." "இன்னைக்கு ஆபரேஷன் வேண்டாம்," என்கிறார் டாக்டர். பல்தடம் பதிந்த சில்லைக் குப்பையில் போடலாமா என்று தெரியாமல் இடது கையில் பொத்திக்கொண்டு, செல்லபாய் வலது கையால் அந்தச் சின்னத் தாடையை இன்னும் விடாமல் பிடித்திருக்கிறாள்.