பழைய வண்டி, புது ஹெட்லைட்

“எரியலையா?” என்று அம்மா கேட்டபோது, அந்தக் குரலில் கவலையைவிட நிம்மதிதான் கூடுதலாக இருந்தது. பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த மகனுக்கு அது சுருக்கென்று பட்டது.

“எரியல,” என்றான்.

ஷெட்டின் ஷட்டரை இறக்கிப் பட்டப்பகலை இருட்டாக்கி வைத்திருந்தார்கள். வெளிச்சம் எந்த உயரத்தில் விழ வேண்டும் என்று பார்க்க எதிர்ச் சுவரில் நீல டேப் வேறு ஒட்டியிருந்தான். இப்போதைக்கு அந்த டேப்பின் மேல் விழுந்தது அம்மா கையிலிருந்த டார்ச் வெளிச்சம் மட்டும்தான்.

வண்டி அப்பாவுடையது. ஒரு காலத்தில் அதில் போய் இறங்கினால், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு வண்டியைப் பார்ப்பார்கள். வயதான பிறகும் இன்ஜினில் ஒரு முனகல் கிடையாது. ஹெட்லைட் மட்டும் மங்கிவிட்டது என்று ஒரு வருடமாக அப்பா புலம்பிக்கொண்டிருந்தார். “இதை வச்சுக்கிட்டு இருட்டினப்புறம் எப்படிடா ஓட்டறது?” என்று அவர் கேட்காத நாளில்லை.

நாளை மாலை அக்கா கைக்குழந்தையோடு விமானத்தில் வந்து இறங்குகிறாள். “என் பேத்தி என் வண்டியிலதான் வீட்டுக்கு வரணும். நான்தான் ஓட்டுவேன்,” என்று அப்பா போனிலேயே சொல்லிவிட்டார். அந்த ஸ்டியரிங்கை அவர் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. மகன் அதைத் தொட்டதெல்லாம் வண்டியைக் கழுவும்போதுதான்.

அதனால்தான் மகன் ஆபீசுக்கு லீவு போட்டு, புது எல்.இ.டி. ஹெட்லைட் வாங்கி வந்து, தானே மாட்டுகிறேன் என்று உட்கார்ந்தான். வீடியோவில் அரை மணி நேர வேலை. இவனுக்கு முன்பம்பரைக் கழற்றவே காலைப்பொழுது போய்விட்டது. மிஞ்சிய ஒரு திருகாணி எந்த இடத்தைச் சேர்ந்தது என்று தெரியாமல், யாரும் பார்க்காதபோது அதைப் பையில் போட்டுக்கொண்டான்.

புது லைட்டை நேராக பேட்டரியில் தொட்டுப் பார்த்தால் பளிச்சென்று எரிந்தது. வண்டியில் மாட்டி சுவிட்சைப் போட்டால் எரியவில்லை. பழையதையே திரும்ப மாட்டிப் பார்த்தான், அதுவும் எரியவில்லை. ஒயரையெல்லாம் பிரித்துப் பிரித்து மாட்டியாயிற்று. ஃபியூஸை நேற்றே பார்த்துவிட்டோமே என்று அந்தப் பக்கம் மட்டும் போகவில்லை.

“இப்ப போடுங்கப்பா.”

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்த அப்பா சுவிட்சைத் திருப்பினார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. ஆனாலும் சட்டைப் பையிலிருந்த கண்ணாடிக் கூட்டை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“எரியுதாடா?”

“இல்லப்பா.” மகனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

“விட்டுடேன்டா,” என்றாள் அம்மா. “டாக்ஸிக்குச் சொன்னா வந்துட்டுப் போறான்.”

காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மகனுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஃபியூஸ் பெட்டியின் மூடியை நெம்பித் திறந்தான்.

இடது லைட்டுக்கு ஒன்று, வலது லைட்டுக்கு ஒன்று. இரண்டு இடமும் காலியாக இருந்தன. ஒன்று மட்டும் என்றால் கழன்று எங்கோ விழுந்தது என்று சொல்லலாம். இரண்டையும் யாரோ மெனக்கெட்டுப் பிடுங்கியிருக்கிறார்கள்.

“அம்மா, ஃபியூஸை நீயா எடுத்தே?”

அம்மா ஒன்றும் புரியாதவள்போல் அவனைப் பார்த்தாள். பிறகு வண்டியின் முன்கண்ணாடிப் பக்கம் பார்த்தாள்.

“ஆமா. நான்தான்.”

“எங்க வச்சிருக்கே?”

“தூக்கிப் போட்டுட்டேன்.”

மகனுக்குக் கோபம் தலைக்கேறியது. “அவர் ஓட்டறது உனக்குப் பயமா இருந்தா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? காலையிலேருந்து நான் இங்க உயிரை விட்டுக்கிட்டு இருக்கேன். பேத்தியைக் கூட்டிட்டு வரணும்னு ஆசைப்படற மனுஷனுக்கு இப்படியா பண்ணுவே?”

அம்மா டார்ச்சை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“பரவால்ல. ரெண்டு ஃபியூஸ்தானே. கடைக்குப் போயிட்டு வர பத்து நிமிஷம்கூட ஆகாது,” என்று மகன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஷட்டரை நோக்கிப் போனான்.

பின்னால் கார்க் கதவு திறந்தது. அப்பா கதவைப் பிடித்தபடியே இறங்கினார்.

“போகாதடா. அவளைத் திட்டாத. அவ எடுக்கல.”

சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். உள்ளே இரண்டு ஃபியூஸ்கள் இருந்தன.

மகன் கையை நீட்டினான். அப்பா அவற்றை அந்தக் கைக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் வைத்தார். இரண்டும் தரையில் விழுந்தன. அவர் குனியவில்லை, அம்மாதான் குனிந்து பொறுக்கினாள்.

“ஏம்பா இப்படிப் பண்ணீங்க? ஒரு வருஷமா நீங்கதானே லைட் சரியில்ல, சரியில்லன்னு...”

“பழைய லைட்டே நல்லாத்தான்டா எரிஞ்சுது.” அப்பா மகனைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “இதுவும் எரிஞ்சா, நாளைக்கு நான் ஓட்டணுமே.”