கை பழகிய இடம்

முதலாளி மின்விசிறிக்கு அடியில் நாற்காலியில் இருந்தார். சென்னையிலிருந்து கிடங்கைச் சீர்படுத்த வந்திருந்த வருண், செல்போனில் நேரம் பார்த்தபடி மேசை நுனியில் உட்கார்ந்திருந்தான். மருந்து எடுத்துத் தரும் பேச்சித்தாய் கவிழ்த்துப்போட்ட அட்டைப்பெட்டியின் மேல் இருந்தாள். அவள் எடுப்பதைச் சரிபார்த்துக் கட்டும் சிவனணைந்தான் மட்டும் உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமையோடு மருந்துகளின் இடமெல்லாம் மாறிவிட்டது. அதிகம் போகிறவை வாசல் பக்கம் வந்துவிட்டன. இனி நடை பாதியாகும் என்றான் வருண். பேச்சித்தாய்க்குப் பார்வை மங்கி வெகுநாளாகிறது, பெயரைப் படிக்காமல் கை பழகிய இடத்தில்தான் எடுக்கிறாள் என்பது சிவனணைந்தானுக்கு மட்டும் தெரியும். முதலாளிக்குத் தெரிந்தால் அன்றோடு அவள் வேலை போய்விடும்.

“தைராய்டு மாத்திரை, ஒரு பெட்டி. ஆரம்பிங்க அக்கா,” என்று வருண் செல்போனில் நேரத்தை ஓடவிட்டான்.

அவள் பழைய வழியிலேயே விறுவிறுவென்று போய், பழைய தட்டில் கைவிட்டு எடுத்து வந்தாள். “இந்தாங்க அண்ணாச்சி.” நீட்டிய பெட்டியை அவள் விரல்கள் உடனே விடவில்லை. சிவனணைந்தான் மெல்ல இழுத்து வாங்கினார். அது சர்க்கரை மாத்திரை.

“சரியா இருக்கா, வே?” என்றார் முதலாளி.

“இருக்கு மொதலாளி.”

குனிந்து ஒரு துண்டுத்தாளில், ‘இதை யாருக்கும் கொடுக்க வேண்டாம், சரியானதைச் சாயங்காலம் நானே கொண்டு வருகிறேன்’ என்று மாத்திரை கேட்டிருந்த மருந்துக் கடைக்காரருக்கு எழுதி, பெட்டியோடு காக்கி உறைக்குள் வைத்தார்.

“செம வேகம் சார்,” என்று செல்போனைப் பார்த்தபடியே வருண் சிரித்தான். “இனிமே அவசர ஆர்டர் எல்லாம் அக்காவுக்கே குடுத்துடலாம்.”

“அடுத்து என்ன மருந்து அண்ணாச்சி?” என்றாள் பேச்சித்தாய், அவர் முகம் இருக்கும் திசையைப் பார்த்து.

சிவனணைந்தான் உறையின் வாயை ஒட்டினார். கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேன்காரன் அதை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.