இரண்டு முழம் மல்லி

குழந்தை அழத் தொடங்கியதும் அவள் கால்விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன.

பிறந்து பதினோரு நாள்தான். அதற்குள் அந்தக் குரலைக் கேட்டாலே பயம். பெற்ற பிள்ளையிடம் பயம் என்று யாரிடம் போய்ச் சொல்வது.

காம்பு இரண்டும் வெடித்திருந்தன. பிள்ளை வாய் வைத்தால் உயிர் போய் உயிர் வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் பெற்றவள் என்று பிரசவ வார்டில் பெயர் வாங்கியவள் அவள். அந்தப் பெயரோடு தாய் வீட்டுக்கு வந்துவிட்டு இதற்குப் போய் அழ வெட்கமாக இருந்தது.

அதனால் பொய் சொன்னாள். பால் இல்லை என்றாள்.

அம்மா நம்பினாள். கேள்வியே கேட்காமல் நம்பித் தொலைத்தாள்.

விடிந்ததும் துறைமுகத்துக்கு ஓடி, பால்சுறா வாங்கி வந்து, வேகவைத்து உதிர்த்து, பூண்டை உரித்துக் கொட்டிப் புட்டு செய்தாள். பால் ஊற அதைவிட வேறு மருந்து கிடையாது என்பது அம்மாவின் கட்சி. பக்கத்திலேயே உட்கார்ந்து தட்டு காலியாகும்வரை நகரமாட்டாள்.

அவளும் தின்றாள்.

ரவிக்கைக்குள், பால் வற்றுவதற்காக, மல்லிகைப் பூ இருந்தது.

தலைக்குப் பூ வேண்டும் என்று கேட்டபோது அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தெருவில் வரும் பூக்காரியிடம் தினமும் இரண்டு முழம். மகளுக்குப் பிடிக்குமே என்று இடையிடையே கனகாம்பரம் வைத்துக் கட்டச் சொல்லி வாங்கினாள்.

ஒரு கிள்ளு தலைக்கு. மிச்சமெல்லாம் நெஞ்சுக்கு.

அந்த வைத்தியத்தை அவள் ஆஸ்பத்திரியில்தான் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி. பிள்ளை இறந்தே பிறந்தது. பால் மட்டும் விஷயம் தெரியாமல் சுரந்துகொண்டிருந்தது. அவளுடைய அக்கா மல்லிகைச் சரத்தை மார்பில் பரப்பி, துணியால் இறுக்கிக் கட்டினாள். வார்டு முழுக்கப் பூ மணத்தது.

அந்தப் பூவைத்தான் இவள் வைத்துக்கொண்டிருக்கிறாள். இவள் பிள்ளை உயிரோடு தொட்டிலில் கிடந்து கத்துகிறது.

நினைத்தால் உடம்பெல்லாம் கூசியது. பாலாடையில் பவுடர் பால் புகட்டும்போது பிள்ளையின் கண்ணைப் பார்க்காமல், நெற்றியைப் பார்த்தே புகட்டினாள்.

இன்று காலை சுகாதார நர்ஸ் செல்வராணி வந்தார். அம்மாதான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"பொட்டுப் பால் இல்லீங்க சிஸ்டர். நானும் சுறாவா வாங்கிப் போட்டுப் பாக்குறேன்," என்றாள் அம்மா, மீன் ஏமாற்றிவிட்டதைப் போல.

நர்ஸ் அம்மாவை டீ போட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"காட்டு இந்துமதி."

ஊக்குகளைக் கழற்ற அவளுக்கு வெகுநேரம் ஆனது. சூட்டில் பழுத்துப்போன மல்லிகை மடியில் விழுந்தது. பூவெல்லாம் பால் ஈரம்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு விழட்டும் என்று காத்திருந்தாள். இரண்டு அறை விழுந்தாலும் சரிதான் என்றிருந்தது.

"ரொம்ப வலிச்சுதா?" என்றார் நர்ஸ்.

பதினோரு நாளில் ஒருவரும் கேட்காத கேள்வி. ஆஸ்பத்திரியில் சேர்த்துவைத்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது.

நர்ஸ் அழவிட்டார். பிறகு பிள்ளையைத் தூக்கி, அதன் வயிறு இவள் வயிற்றில் ஒட்டும்படி திருப்பி வைத்தார்.

"வெறும் காம்ப மட்டும் குடுத்தா வெடிக்காம என்ன செய்யும்? வாய நல்லாத் தெறக்கட்டும். நீ குனியாத. புள்ளைய உங்கிட்ட கொண்டா. கறுப்பு வட்டமும் சேந்து உள்ள போவணும்."

பிள்ளை வாயைப் பெரிதாகத் திறந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கால்விரல்கள் மடங்கின.

சுருக்கென்று ஒரு வலி. அவ்வளவுதான். அதற்குப் பிறகு இழுப்பு மட்டும் இருந்தது.

கால்விரல்கள் மெல்ல விரிந்தன.

"இன்னும் பால் இருக்கா சிஸ்டர்?"

"கொறஞ்சிருக்கும். அவன் குடிக்கக் குடிக்க ஊறும். ரெண்டு நாள் கழிச்சு வந்து பாக்குறேன், அதுவரைக்கும் பவுடர் பால நிறுத்தாத."

வெளியே டம்ளர் சத்தம் கேட்டது. அவள் மடியைப் பார்த்துப் பதறினாள். ஒரு கையில் பிள்ளை. பூவை எங்கே ஒளிப்பது.

நர்ஸ் அந்தச் சரத்தை எடுத்தார். ஒரு உதறு உதறினார். தன் கொண்டையில் செருகிக்கொண்டார்.

அம்மா டீயோடு உள்ளே வந்தாள். பிள்ளை குடிப்பதைப் பார்த்து முகம் மலர்ந்தாள். பிறகு நர்ஸைப் பார்த்தாள்.

வெறுங்கொண்டையோடு வந்த மனுஷி. இப்போது அதில் பழுத்த மல்லி. இடையிடையே கனகாம்பரம்.

அம்மா டீயை நீட்டினாள். நர்ஸ் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அம்மா கட்டிலோரம் உட்கார்ந்தாள். காலி டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு சுறா வாங்கவா, வேணாமா?"

அவளால் நிமிர முடியவில்லை. பிள்ளையின் தாடை அசைந்துகொண்டிருந்தது. அது விழுங்கும் சத்தம் இருவருக்கும் கேட்டது.

"வாங்கும்மா."

தெருவில் பூக்காரியின் குரல் வந்தது. வழக்கம்போல அவர்கள் வாசலில் கொஞ்சம் நின்று கூப்பிட்டது.

அம்மா எழுந்து போகவில்லை. அந்தக் குரல் தெருமுனை தாண்டும்வரை, இருவரும் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.