ஏசிக்குள் பட்டுக்கூடு

டேஷ்போர்டு டப்பாவைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, பின்னாலிருந்த சந்துக்குள் கையை விட்டாள் அமுதவல்லி.

விரலில் என்னவோ மெத்தென்று பட்டது. அதற்குள் வாடை முந்திக்கொண்டு வந்தது.

"ஐயோ சாமி!" முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காரைவிட்டு வெளியே ஓடினாள்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து செல்போன் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்த அவள் புருசன் சந்திரமோகன் அசையவில்லை. குனிந்து, முகத்தை அந்தச் சந்துக்கிட்டே கொண்டுபோய், நிதானமாக எட்டிப் பார்த்தார்.

"ஏசி ஃபில்டர் மேல பட்டுக்கூடு கெடக்குது புள்ள. ஒண்ணு இல்ல, அஞ்சாறு."

மாட்டுக்குப் பிரசவம் பார்த்துப் பழகின மனுசன், இதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா என்று நினைத்துக்கொண்டாள்.

கூடு எப்படி வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். போன மாதம் அவள் தம்பி தீர்த்தகிரி, தருமபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டுக்குப் போக டெம்போ கிடைக்காமல் வந்து நின்றான். வெயிலில் கூடு கெட்டுவிடுமே என்று, கல்யாணப் பெண்ணை அழைத்துப்போவது மாதிரி ஏசி போட்டு, மூட்டைகளை இந்த எலெக்ட்ரிக் காரில் ஏற்றிக்கொண்டு போனார் இவர்.

ஒரு மூட்டை அவிழ்ந்துகொண்டது. சிந்தினதைப் பொறுக்கினார்கள். மிச்சத்தை எலி பொறுக்கியிருக்கிறது. வண்டி சார்ஜ் ஏறுவது மாட்டுக்கொட்டாயில், எலிக்கா பஞ்சம்? அது கடித்துப்போட்ட கூட்டுக்குள் புழு அழுகி, ஏசியைப் போட்டாலே வண்டிக்குள் உட்கார முடியவில்லை.

இண்டூரிலிருந்து பென்னாகரம் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நாலு டீச்சர்கள் போவது இந்தக் காரில்தான். வண்டிக்கு நிலையான சவாரி அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை சோபனா டீச்சர், இவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அமுதவல்லிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. மூணு வாரமா மூக்கைப் புடிச்சுக்கிட்டே போறோம். திங்கக்கிழமையும் இப்படியே இருந்தா வேற வண்டி பாத்துக்கறோங்க."

அவரைக் கேட்டதற்கு, "அப்படி ஒண்ணும் தெரியலியே" என்று தலையைச் சொறிந்தார்.

அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே! நாள் முழுக்க அதே வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற மனுசனுக்குத் தெரியாதா? எல்லாம் சோம்பேறித்தனம். போன வாரம் பால் அடிப்பிடித்துத் தீய்ந்தபோது, அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆள்தானே இவர்!

ஆனாலும் அவர்மேல் அவளுக்குக் கோபம் நிலைக்காது.

கல்யாணமாகி இருபது வருசம், அவள் சமையலை நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை அவர். கொரோனா வருசம் அந்தக் காய்ச்சலில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வூடு வந்து சேர்ந்தார். வந்ததிலிருந்து ஆளே வேறு.

கேட்டைத் திறக்கும்போதே குரல் கொடுப்பார். "வல்லி! கொழம்பு வாசம் ரோட்டுக்கே வருது!"

ஒரு நாள் தவறியதில்லை. வெறும் ரசத்துக்கும் அதே பாராட்டுதான். சாகக் கிடந்து எழுந்த மனுசனுக்குப் பொண்டாட்டி அருமை தெரிந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் அவளே பெருமையடித்துக்கொண்டிருக்கிறாள், பாவம்.

கூடுகளைக் குச்சியால் தள்ளி எடுத்தார்கள். பழைய ஃபில்டரை எருக்குழியில் போட்டுவிட்டு, தருமபுரியிலிருந்து வாங்கி வந்த புதுசை மாட்டினார்கள். சந்துக்குள் மருந்து அடித்தார்கள். நாலு கதவையும் திறந்துவைத்து, குளிரை அணைத்துவிட்டு, வெறும் காற்றை மட்டும் அரைமணி நேரம் ஓடவிட்டார்கள். சார்ஜ் வீணாகுதே என்று அவர் முனகினார். அவள் முறைத்தாள். அடங்கிவிட்டார்.

"நீயே மோந்து பாத்துச் சொல்லு புள்ள. போயிடுச்சா?"

"போயிடுச்சுங்க."

"டீச்சரம்மாவும் ஒருக்கா மோந்து பாத்துரட்டும்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவளுக்கு உடம்பெல்லாம் அந்த நாற்றம் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளித்தாள். புடவையை அலசிக் கொடியில் போட்டாள். ஈரத்தலையோடு நிற்கும்போதே போன் வந்தது. வாடையே இல்லைங்க்கா, திங்கக்கிழமை வழக்கம்போல அண்ணனை வரச் சொல்லிட்டோம் என்றாள் சோபனா டீச்சர்.

அப்பாடா என்று அடுப்படிக்குள் காலை வைத்தாள். வெளியே கேட் கிறீச்சிட்டது.

"வல்லி! பிதுக்கம்பருப்புக் கொழம்புதானே? வாசம் ரோட்டுக்கே வருது!"

காலையில் அவர் கண்ணெதிரே ஊறப்போட்ட அவரைக்கொட்டை, தோல் பிதுக்காமல் குண்டான் தண்ணீரில் அப்படியே கிடந்தது.

அடுப்பை அவள் இன்னும் பற்றவைக்கவே இல்லை.

அடுப்படிக்குள் வைத்த காலோடு அப்படியே நின்றாள். தீய்ந்த பால் நினைவுக்கு வந்தது. அந்தச் சந்துக்கிட்டே அசையாமல் இருந்த முகம் நினைவுக்கு வந்தது. அந்தக் காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த நாள் முதல், ஐந்து வருசமாகக் கேட்டருகில் ஒலிக்கிற அந்தக் குரல், ஒவ்வொரு நாளும்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்ன புள்ள, சத்தத்தையே காணோம்?" என்றார்.

"ஆமாங்க, அந்தக் கொழம்புதான்" என்றாள். "இன்னும் ஒரு கொதி வரணும். கால் கழுவிட்டுச் செத்த ஒக்காருங்க."

சத்தம் வராமல் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அவரைக்கொட்டையை இரண்டு கையாலும் வேகவேகமாகப் பிதுக்கத் தொடங்கினாள்.