மச்சான் நீட்டாத கை

தரகர் துண்டை விரித்து நீட்டினார். மச்சான் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நமக்குள்ள துண்டு எதுக்கு மாப்ளே? வாயாலேயே சொல்லு, கேட்டுக்கறேன்."

மாட்டுச் சந்தையில் வாயால் விலை பேசுவது, வீடு தேடி வந்தவனை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவது மாதிரி. துண்டுக்கு அடியில் கையோடு கை சேர்த்து, விரலைப் பிடித்து விலை சொல்வதுதான் முறை. எந்த விரல், எத்தனை விரல் என்பது பிடித்தவனுக்கும் பிடிகொடுத்தவனுக்கும் மட்டுமே தெரியும்.

தரகர் காலையில் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்: "இன்னிக்கும் ஒங்கண்ணன் கை குடுக்கலன்னா, இனிமே அந்தச் சந்தைப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

இரண்டு வருஷத்துக்கு முன் தரகரின் புறங்கையில் வெளிறிய தேமல் ஒன்று வந்தது. அந்த இடம் மரத்துப்போய், ஈ உட்கார்ந்தாலும் தெரியாது. தொழுநோய் என்றார் டாக்டர். ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டதும், முழுக்கக் குணம், இனி யாருக்கும் ஒட்டாது என்று எழுதியும் கொடுத்தார்.

காகிதம் சொன்னதைச் சந்தை கேட்கவில்லை. கிழ மாட்டைக் கன்றுக்குட்டி என்று விற்கத் தெரிந்த வாய் தரகருடையது. குணமாகித் திரும்பி வந்த முதல் நாள் அவர் எதிரே நிற்க ஒரு ஆள் இல்லை. விரித்த துண்டு விரித்தபடி கிடந்தது.

அன்று எல்லாரையும் கூட்டிச் சத்தம் போட்டவர், சந்தைத் தலைவரான இதே மச்சான்தான்.

"துண்டுக்குள்ள வந்த கையில ஏழை, பணக்காரன் பாத்திருக்கோமா? சண்டைக்காரன் கையக்கூடத் தட்டிவிட்டதில்ல. பாட்டன் காலத்துலேருந்து இதான் நம்ம மொற. நோயில விழுந்து எந்திரிச்சு வந்தவன் கையத் தட்டிவிட்டா நாம மாட்டு வியாபாரியா, மாடா? மாடுகூட மோந்து பாத்துட்டு நக்கிக் குடுக்கும்!"

மறுநாள் ஒரு கை வந்தது. அந்த வாரத்துக்குள் பத்து வந்தன. ஆறு மாசம் ஆகிவிட்டது. இன்னும் தரகர் துண்டுக்குள் வராத கை சந்தையில் ஒன்றே ஒன்று.

இப்போதெல்லாம் மச்சானுக்காகப் பேரம் பேசுவது அவர் தம்பி. "எனக்கு வயசாயிடுச்சுப்பா" என்பார் மச்சான். வயது ஐம்பதுதான். ஊரார் கையையெல்லாம் உள்ளே விட வைத்தவருக்குத் தன் கை மட்டும் உசத்தியாகிவிட்டது என்று தரகர் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தார்.

இன்று தம்பிக்குக் காய்ச்சல். தரகர் காத்திருந்த நாள்.

டீக்கடைக்காரர் இரண்டு கிளாஸ் நீட்டினார். தரகர் தொட்ட வேகத்தில் கையை உதறி, துண்டு நுனியால் பிடித்துக்கொண்டார். மச்சான் உள்ளங்கை முழுக்க வளைத்துப் பிடித்தார்.

"பாத்துண்ணே, இப்பதான் கொதிச்சு எறங்குனது!"

"ஒங்க கை மாதிரி மெத்தைக் கையா இது? முப்பது வருஷம் கயிறு புடிச்சுக் காச்சுப்போன கைடா."

டீக்கடைக்காரர் சிரித்தார். தரகர் சிரிக்கவில்லை. டீ முடிந்ததும் அந்தக் கைகள் மறுபடி முதுகுக்குப் பின்னால் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அந்தச் செவலை ஜோடி வேணுமா, வேணாமா?"

"வேணும். வெலையச் சொல்லேன்."

"வாயால சொல்லி வாங்கிட்டுப் போக அதென்ன கத்திரிக்காயா?" பக்கத்தில் நின்ற வியாபாரி குறுக்கே விழுந்தார். "தலைவரே, நீங்க எடுத்துச் சொன்ன மொற. நாங்கல்லாம் கை குடுக்கலியா? சும்மா குடுங்க."

நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மச்சான் முகம் வெளுத்தது. "வேணாம், விடு" என்று ஓரடி பின்னால் போனார்.

தரகர் விடவில்லை. எட்டி அந்த வலது கையை முன்னால் இழுத்தார், துண்டைப் போட்டு மூடினார், விலைக்கு உரிய விரலைப் பிடித்து அழுத்தினார். அந்த அழுத்தத்தில் விலை கொஞ்சம்தான், கோபம்தான் அதிகம்.

"பாத்தீங்களா? என் கை ஒண்ணும் கடிக்கல." "இந்த வெல கட்டுமா கட்டாதா, அத மட்டும் சொல்லுங்க."

துண்டுக்குள் மச்சானின் விரல்கள் திருப்பி அழுத்தவும் இல்லை, விலகவும் இல்லை. மூடிக் கிடந்த துணியையே அவர் உற்றுப் பார்த்தார், அதற்குள் இருப்பது தெரிந்துவிடாதா என்பதுபோல. கண் நிறைந்துவிட்டது.

மெல்லக் குனிந்து, சுற்றி நின்றவர்களுக்குக் கேட்காமல், தரகரின் காதோரம் கேட்டார்:

"இப்ப எந்த வெரலப் புடிச்சிருக்கே, மாப்ளே?"